அவையோரைக் கேட்ட வினா



பங்குனி முதல் ஆடி வரையிலான திங்கள்களில் தொண்டை நாட்டிலும் நடுநாட்டிலும் பயணம் செய்வோர், ஊர்தோறும் திரௌபதியம்மன் திருக்கோயில் முன்றிலில் பந்தல் இட்டிருப்பதைக் காண்பர். பிற்பகலில் ஒருவர் பாரதம் படித்துப் பொருள் உரைப்பார். இரவில் அதே கதை கூத்தாக ஆடப்பெறும். அக்னி வசந்த விழா என்று அழைப்பிதழ்களில் அச்சிடப்பெறும் இவ்விழா, கொடியேற்றத்தில் தொடங்கித் தீமிதியை நோக்கிச் செல்லும். செஞ்சிக்கு அருகில் உள்ள மேலச்சேரியை அம்மையின் ஆதித் தலமாகப் போற்றுவோர் பலர். செய்யாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில், சில ஆண்டுகளுக்கு முன் இவ்விழாவின்போது நிகழ்ந்த துகிலுரிதல் கூத்தினைப் பற்றியது இவ்வுரை. ஊரின் பெயரும் மாந்தரின் பெயரும் வேண்டா. அவர்கள் இன்றும் அங்கே வாழ்பவர்கள்.

கோயிலில் பாரதம் படிப்பது நேற்று வந்த வழக்கம் அன்று. காஞ்சிக்கு அருகில் உள்ள கூரம் என்னும் ஊரில் கிடைத்த செப்பேடு, 7-ஆம் நூற்றாண்டில் ஆண்ட பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மனுடையது. அவன் எடுப்பித்த சிவாலயத்திற்கு ஓர் ஊரின் வருவாயைப் பங்கிட்டு அளித்தபோது, மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்றே ஒரு பங்கினை ஒதுக்கினான். வழிபாட்டிற்கும் திருப்பணிக்கும் உரிய பங்குகளோடு ஒன்றாகவே இதனையும் வைத்தான் என்பது எண்ணி மகிழத்தக்கது. கூத்தும் அவ்வாறே கோயிலை அடுத்து வளர்ந்தது. தஞ்சைப் பெருங்கோயிலில் இராசராசேசுவர நாடகம் ஆடுதற்குத் திருவாலன் திருமுதுகுன்றன் என்னும் கூத்தனுக்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் அளிக்கப்பெற்றதை அங்குள்ள கல்வெட்டுக் கூறும். நெல் அளக்கும் அரசர் இன்று இல்லை. ஊரார் வரி போட்டும், ஒவ்வோர் இரவுக்கும் ஒருவர் உபயம் ஏற்றும் கூத்தினைக் காத்து வருகின்றனர்.

பகலில் படிக்கப்பெறுவது வில்லிபுத்தூரார் பாரதம். வக்கபாகை வரபதியாட்கொண்டான் என்னும் தலைவன் வேண்ட, 10 பருவங்களில் அவர் பாடிய நூல் அது. பிரசங்கியார் பகலில் எதுவரை படித்து நிறுத்தினாரோ, அதுவே பெரும்பாலும் அன்றிரவின் கூத்து. வில்வளைப்பு, சுபத்திரை கலியாணம், இராசசூய யாகம், சூது துகிலுரிதல், அருச்சுனன் தபசு, கீசக வதம், கண்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று இரவுகள் நடக்கும். கதை அனைவரும் அறிந்தது. சூதில் தருமன் தோற்பான் என்பதை அறியாமல் எவரும் கூத்துப் பார்க்க வருவதில்லை. 1988 முதல் 1990 வரை தொலைக்காட்சியில் பாரதம் ஒளிபரப்பானபோது இக்கூத்துகள் அழிந்துவிடும் என்று அஞ்சியவர்கள் உண்டு. அழியவில்லை. தொலைக்காட்சியில் திரௌபதி அழுவதைக் காணலாம். களரியில் அழும் திரௌபதிக்கோ, எதிரே கோயிலின் கதவைத் திறந்து வைத்து மூலத் திரௌபதியே வீற்றிருக்கிறாள். கூத்தின் முதற் காணுநர் அவளே.

அச்சிற்றூருக்கு வந்த கூத்துக் குழு பெரியது அன்று. அப்பக்கத்தில் அதனை ஜமா என்பர். வழக்கமாகப் பதினைவர் வருவார்களாம். அவ்வாண்டு ஆனித் திங்களில் பல ஊர்களில் ஒரே வாரத்தில் விழா அமைந்தமையால் ஆட்கள் பிரிந்து போயினர். அன்றிரவு வந்தவர் 10 பேர். மிருதங்கம் ஒருவர், முகவீணை ஒருவர், காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியம் ஒருவர், தாளமும் பின்பாட்டும் ஒருவர் என நால்வர் போக, வேடம் கட்ட எஞ்சியவர் அறுவர். துரியோதனன், துச்சாதனன், சகுனி, தருமன், திரௌபதி, கட்டியக்காரன் என்று அவர்கள் பங்கிட்டுக் கொண்டனர். வீமன் முதலிய தம்பியர் நால்வரும் பாட்டில் மட்டுமே வந்தனர். தேர்ப்பாகன் வேடமும் கட்டியக்காரன் தலையிலேயே விழுந்தது. பீட்டுமருக்கும் துரோணருக்கும் விதுரருக்கும் ஆள் இல்லை.

இந்தக் குறை ஊராருக்கு முதலில் மனத்தாங்கலாகவே இருந்தது. பேசிய தொகை முழுமைக்கும் ஆள் குறைந்தால் யாருக்குத்தான் இராது? உபயதாரர் வாத்தியாரை அழைத்துக் கேட்டார். வாத்தியார் தலையைச் சொறிந்துகொண்டு, "ஆள் கம்மிதான் ஐயா. ஆட்டத்துல கம்மி இருக்காது" என்றார்.

இரவு 10 மணிக்குக் களரி கட்டினர். மிருதங்கமும் தாளமும் முகவீணையும் சேர்ந்து எழுப்பும் அந்த முழக்கம் பக்கத்து ஊர்களுக்கும் கேட்கும். அதுவே அழைப்பு. பிள்ளையாருக்கும் அம்மனுக்கும் வணக்கம் பாடிய பின்னர், கட்டியக்காரன் வந்து ஊரையும் உபயதாரரையும் வாழ்த்தி, நான்கு பேச்சுப் பேசிச் சிரிக்க வைத்தான். பிறகு இருவர் திரை பிடிக்க, அதன் பின்னிருந்து துரியோதனன் பாடும் குரல் கேட்டது. முதலில் கிரீடத்தின் நுனி தெரிந்தது. பின்னர்க் கால்சலங்கை. திரை விலகியதும் செந்நிறம் தீட்டிய முகமும், கண்ணாடித் துண்டுகள் பதித்த மரப் புயக்கட்டைகளும், மார்ப்பதக்கமும் மின்விளக்கின் ஒளியில் பளிச்சிட, அவன் சுழன்று சுழன்று களரியை வலம் வந்தான். அத்தனை கட்டைகளையும் சுமந்துகொண்டு விடியும் வரை ஆடுதல் எளிய செயல் அன்று. பகலில் ஏர் பிடிக்கும் தோள்களுக்கே அது கூடும்.

அவ்விரவில் களரியைச் சுற்றி அமர்ந்திருந்தோருள் மூவரைப் பற்றி இங்கே சொல்லுதல் வேண்டும்.

ஒருவர் அன்றைய உபயதாரர். நெல் வணிகத்தில் கை உயர்ந்தவர். துகிலுரிதல் இரவின் செலவை ஆண்டுதோறும் ஏற்பவர். மாலையும் துண்டும் அணிவிக்கப்பெற்று முன்வரிசை நாற்காலியில் வீற்றிருந்தார். மற்றொருவர் எழுபதைக் கடந்த ஊர்ப்பெரியவர். கோயிலில் முதல் மரியாதை அவர் குடும்பத்துக்குரியது. உபயதாரருக்கு அடுத்த நாற்காலி அவருடையது. மூன்றாமவள் ஒரு கைம்பெண். உபயதாரரின் இறந்துபோன தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவள். தன் இரு குழந்தைகளுடன் கோயில் மதிலை ஒட்டிப் பெண்களோடு பெண்ணாக அமர்ந்திருந்தாள்.

தம்பி உயிரோடு இருந்தபோது தமையனிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்துக் கடன் வாங்கியிருந்தான். ஏரிக்கரையை அடுத்த அரை ஏக்கர் நிலத்தை நம்பி வாங்கிய கடன். பின்னர் மாட்டை விற்றும் மனைவியின் நகையை விற்றும் அதனைத் தீர்த்தான். பணம் கைமாறியது ஊர்ப்பெரியவர் வீட்டுத் திண்ணையில். நோட்டுகளை எண்ணிக் கொடுத்தவரே அவர்தாம். புரோநோட்டை மட்டும் தமையன் அன்று கொண்டுவரவில்லை. வீட்டில் இருக்கிறது, நாளை தருகிறேன் என்றார். உடன்பிறந்தார்க்குள் இதற்கு மேல் என்ன கேட்பது? மூன்று திங்களில் தம்பி காய்ச்சல் கண்டு இறந்தான். கருமாதி கழிந்த பின் புரோநோட்டு வெளியே வந்தது. அரசமரத்தடியில் ஊர் கூடியது. அவள் கடன் தீர்ந்தது என்றாள். யார் சாட்சி என்று கேட்டார்கள். அவள் பெரியவரைப் பார்த்தாள். அவரோ தம் கைத்தடியின் முனையைப் பார்த்துக் கொண்டிருந்தார். கோபுரத் திருப்பணி பாதியில் நின்ற காலம் அது. அதனை முடித்துத் தருவதாக வாக்களித்திருந்தவர் உபயதாரர். பெரியவர் தமக்கென ஒரு காசும் பெறவில்லை என்பதையும் மறவாமல் சொல்லுதல் வேண்டும். கோயிலுக்காகவே வாய் மூடினார். கடன் தீரும் வரை நிலம் தமையனிடம் இருக்கட்டும் என்று ஊர் சொல்லிற்று.

இனிக் கூத்துக்கு வருவோம்.

நள்ளிரவு கடந்து சூது தொடங்கிற்று. சகுனியாக ஆடியவர் பாய்ச்சிகையை உருட்டும் ஒவ்வொரு முறையும் மிருதங்கம் ஒரு தட்டுத் தட்டி ஓய்ந்தது. நாடு போயிற்று, படை போயிற்று, தம்பியர் ஒவ்வொருவராய்ப் போயினர். தருமன் தன்னையும் வைத்துத் தோற்றான். அதன் பிறகே திரௌபதியை வைத்தான். இந்த வரிசை மிக முதன்மையானது. இதன்மேல்தான் பின்வரும் வழக்கு முழுவதும் நிற்கிறது. தேர்ப்பாகன் அழைக்க வந்தபோது அம்மை அழவும் இல்லை, ஓடவும் இல்லை. ஒரு வினாவை எழுப்பி அவனைத் திருப்பி அனுப்புகிறாள். அவர் முதலில் தோற்றது தம்மையா, என்னையா? தம்மையே இழந்து அடிமையானவர்க்கு மற்றொருவரைப் பணயமாக வைக்கும் உரிமை உண்டா? வியாசர் கண்ட திரௌபதியின் பெருமை முதற்கண் இவ்வினாவில் இருக்கிறது. பத்தினி, வேள்வித்தீயில் தோன்றியவள் என்பன அதன் பின்னர்.

இவ்வினாவிற்கு அத்தினாபுரத்து அவையில் விடை கிடைக்கவில்லை. பீட்டுமர், தருமத்தின் நெறி நுட்பமானது, தம்மால் இதனைத் தெளிந்து சொல்ல இயலவில்லை என்றார். அறியாதவர் அல்லர் அவர். துரோணர் வாய் திறக்கவில்லை. கௌரவருள் இளையவனான விகர்ணன் ஒருவனே எழுந்து, தோற்றவன் வைத்த பணயம் செல்லாது என்றான். அவனைச் சிறுவன் என்று கன்னன் அடக்கினான். அப்போது விதுரர், பிரகலாதனுக்குக் காசியபர் உரைத்த நீதியொன்றை அவைக்கு எடுத்துக் கூறியதாக வியாச பாரதத்தின் சபா பருவத்தில் ஓர் இடம் உண்டு. இகழத்தக்க செயலை இகழாமல் ஓர் அவை வாளா இருக்குமாயின், அப்பாவத்தில் பாதி அவைத் தலைவனைச் சேரும். செய்தவனைச் சேர்வது கால் பங்கு. எஞ்சிய கால் பங்கு பேசாது அமர்ந்திருந்தோரைச் சேரும். கணக்கு எவ்வளவு கடுமையானது என்பதைக் கருதுக. செய்தவனுக்கும் பார்த்திருந்தவனுக்கும் பங்கு ஒன்றே. தலைமை தாங்கியவனுக்கோ இரண்டு மடங்கு.

இங்கே தமிழ்நெஞ்சம் சிலம்பினை நினையாமல் இராது. கண்ணகியும் ஓர் அவையில் நின்றாள். அவளுக்கும் நீதி வேண்டியிருந்தது. பாண்டியன் நெடுஞ்செழியன் தவறு செய்தவன்தான். ஆயினும் சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்த அந்த நொடியில், பிழை தன்னுடையது என்று தன் வாயால் ஒப்புக்கொண்டு வீழ்ந்தான். விடை சொன்ன அவை அது. உறையூரின் அறங்கூறவையத்தைச் சங்கச் சான்றோர் புகழ்ந்த நாடல்லவா இது! திரௌபதிக்கு அத்தகைய அவை வாய்க்கவில்லை. ஆடவர் கூடிய அவையின் நடுவே நின்று வழக்குரைத்த இவ்விருவரையுமே மக்கள் பின்னர்த் தெய்வமாகக் கொண்டனர் என்பது தற்செயல் அன்று. பாரதியாரும் பாஞ்சாலி சபதத்தில் துச்சாதனனைச் சினந்ததோடு அமையவில்லை. அவளைத் தெருவில் இழுத்துச் செல்கையில் நின்று புலம்பிய ஊராரையும் கடிந்துரைத்தார்.

அன்றிரவு திரௌபதியாக வேடம் புனைந்தவர் ஆரணிப் பக்கத்து நெசவாளர். பகலில் பட்டுத் தறியில் அமர்பவர். வயது நாற்பதுக்கு மேல். வேடம் அணிந்து களரியில் தலைவிரி கோலமாய் வந்து நின்றபோது அவரை ஆடவர் என்று எவரும் எண்ணவில்லை. மணி இரண்டை நெருங்கிற்று. குழந்தைகள் பாயில் உறங்கிவிட்டனர். தொடக்கத்தில் இருந்த கூட்டத்தில் மூன்றில் ஒரு பங்கே எஞ்சியிருந்தது. துரியோதனன் பலகையில் அமர்ந்து தொடையைத் தட்டினான். தருமன் தலை கவிழ்ந்து நின்றான். அவள் தன் வினாவைப் பாட்டில் எடுத்தாள். பாடி முடித்து, பிதாமகரே என்று விளித்துத் திரும்பினாள்.

அங்கே எவரும் இல்லை. பீட்டுமருக்கு ஆள் இல்லை அன்றோ? ஆட்டக்காரர் ஒரு நொடி தயங்கினார். வழக்கமான நாளாயின் வெண்தாடி கட்டிய ஒருவர் அங்கே குனிந்து நின்றிருப்பார். பின்பாட்டுக்காரர் சமாளிக்க எண்ணி வாயெடுத்தார். அதற்குள் அவர் களரியின் விளிம்பு வரை நடந்து வந்து, தரையில் அமர்ந்திருந்த ஊராரை நோக்கிக் கைகூப்பினார்.

"இந்த அவையிலே பெரியவர்கள் இருக்கிறீர்களே! நியாயம் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களே! தெரிந்தும் சொல்லாமல் இருப்பீர்களோ? ஒருவர்கூட இல்லையா? எனக்கு ஒருவர்கூட இல்லையா?"

பாட்டு அன்று, வெறும் பேச்சு. மிருதங்கம் வாசித்தவர் கை எடுத்துவிட்டார். கூட்டத்தில் பின்புறமிருந்து ஒரு கிழவி, "நியாயம் இல்லம்மா, நியாயமே இல்ல" என்று உரக்கச் சொன்னாள். கூத்தில் இப்படி மறுமொழி வருவது உண்டு. சிலர் சிரித்தனர். ஆயினும் ஆட்டக்காரர் நகரவில்லை. அவருக்கு அவ்வூர் வழக்கு எதுவும் தெரியாது. தற்செயலாக அவர் கண் சென்ற இடம் முன்வரிசை. அங்கே முதிர்ந்த ஒருவர் தெரிந்தார். பீட்டுமரைக் கேட்க வேண்டியதை அவரிடம் கேட்டார். "பாட்டனாரே, நீராவது சொல்லும்."

பெரியவர் எழுந்தார். கைத்தடி நழுவி விழுந்தது. எடுக்கவில்லை.

"தெரியும் தாயே. எனக்குத் தெரியும். பணத்தை எண்ணிக் கொடுத்ததே நான்தான். சொல்லாம இருந்துட்டேன்" என்றார்.

ஊரில் பாதிப் பேருக்கு அது விளங்கவில்லை. கிழவருக்கு அம்மன் அருள் வந்துவிட்டது என்று எண்ணினர். விளங்கியவர்கள் தலையைத் திருப்பி மதிலோரம் பார்த்தனர். அவள் தன் சிறிய பிள்ளையை மடியில் அணைத்தபடி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டிருந்தாள். உபயதாரர் தம் கழுத்து மாலையைக் கழற்றி மடியில் வைத்துக் கொண்டார். பெரியவர் நாற்காலிக்குத் திரும்பவில்லை. அங்கேயே மண்ணில் அமர்ந்தார்.

எதற்கும் வேடிக்கை சொல்லும் கட்டியக்காரனுக்கு அப்போது சொல் வரவில்லை. அவனே கோயிலுக்குள் சென்று கற்பூரத் தட்டினைக் கொண்டுவந்தான்.

துகிலுரியும் கட்டத்தில் கூத்து சிறிது நின்றுவிடும் என்பது அன்பர்கள் பலர் அறிந்ததே. ஆட்டக்காரர்கள் வேடத்தோடே அம்மனை நோக்கி நின்று கற்பூரம் காட்டி வணங்குவர். துச்சாதன வேடம் கட்டியவர், தாயே, வயிற்றுப் பிழைப்புக்காக இதைச் செய்கிறேன், பொறுத்தருள வேண்டும் என்று வேண்டிக் கொள்வார். அம்மையின் துகிலில் கை வைப்பது நடிப்பாயினும் அபசாரம் என்னும் அச்சம் அவர்களுக்கு உண்டு. சில ஊர்களில் துச்சாதன வேடம் கட்டியவர் மயங்கி வீழ்வதும், திருநீறு இட்டு எழுப்புவதும் நிகழும். நகரத்து அரங்குகளில் காணக் கிடைக்காத ஒன்று இது. வேடம் புனைந்தவன் தன் வேடத்திற்காக மன்னிப்புக் கேட்கிறான்! அன்றிரவும் துச்சாதனன் கும்பிட்டான். தருமனும் சகுனியும் துரியோதனனும் கும்பிட்டனர். மண்ணில் அமர்ந்த பெரியவரும் கும்பிட்டார்.

பின்னர் முடிச்சிட்ட சேலைகள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. கண்ணனுக்கும் அன்று வேடம் இல்லை. பின்பாட்டே கண்ணனாயிற்று. அவள் முதலில் ஒரு கையால் துகிலைப் பற்றி மறு கையை உயர்த்தினாள் என்றும், பின்னர் இரு கையையும் விட்டுத் தலைமேல் குவித்தாள் என்றும், அப்போதே துகில் வளர்ந்தது என்றும் பெரியோர் சொல்லுவர். தன் முயற்சி அறவே நீங்கிய இடத்தில் அவன் முயற்சி தொடங்குகிறது என்பது அடைக்கலத்தின் பொருள். இதனை எத்தனையோ பிரசங்கங்களில் அன்பர்கள் கேட்டிருப்பீர்கள். ஆகவே விரிக்க வேண்டா.

ஆனால் ஒன்று சொல்லுதல் வேண்டும். எம்பெருமான் துகிலைத் தந்தான். வினாவுக்கு விடையைத் தரவில்லை. மானம் காத்தல் அவன் செயல். அவள் அடிமையா, அல்லளா என்னும் தீர்ப்பினை அசரீரியாக ஒலிக்கச் செய்ய அவனால் ஆகாதா? செய்தான் அல்லன். அதனை அவையோரிடமே விட்டுவைத்தான். அவர்களோ இறுதி வரை சொல்லவில்லை. நரி ஊளையிடவும் தீக்குறிகள் தோன்றவும் அஞ்சிய திருதராட்டிரன் வரம் என்று சொல்லி விடுவித்தான். விடுதலை கிடைத்தது. விடை கிடைக்கவில்லை. பதினெட்டு நாட் போரும் அவிழ்ந்த கூந்தலும் அந்த விடையின்மையிலிருந்து பிறந்தவை. விழாவின் இறுதியில் மண்ணால் செய்த துரியோதனன் கிடக்கும் படுகளத்தில் அம்மையின் கூந்தலை முடிக்கும் காட்சியைக் காண்போர் இதனை நினைவிற் கொள்க.

விடியற்காலை மங்களம் பாடிக் கூத்து முடிந்தது. திரௌபதியாக ஆடியவர் கோயிலருகில் உள்ள அடிபம்பில் முகம் கழுவிக் கொண்டிருந்தார். பின்வரிசைக் கிழவி வந்து அவர் காலைத் தொட்டாள். அவர் பதறி விலகி, "நான் வேசக்காரன், ஆயா" என்றார். "தெரியும் போ" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அன்று மாலையே அரசமரத்தடியில் ஊர் மீண்டும் கூடிற்று. எல்லாம் எளிதில் முடிந்தது என்று சொல்வதற்கில்லை. கூத்தில் சொன்னது கூத்தோடு போயிற்று, அதை வைத்து வழக்குப் பேசுவது என்ன முறை என்று உபயதாரர் வாதாடினார். அவர் கேள்வியிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பெரியவர், கூத்தில் சொன்னதை இங்கும் சொல்கிறேன், நீதிமன்றத்திலும் வந்து சொல்வேன் என்றார். முன்பு ஏன் சொல்லவில்லை என்று இளைஞன் ஒருவன் எழுந்து கேட்டான். அதற்கு அவர் மறுமொழி கூறவில்லை. அவ்வாண்டுத் தீமிதி நாளில் தமக்குரிய முதல் மரியாதையை வாங்காமல் கூட்டத்தில் நின்றார். இருவரும் பல திங்கள் பேசிக்கொள்ளவில்லை. கோபுரப் பணி மேலும் ஓராண்டு நின்றது. புரோநோட்டு கார்த்திகையில்தான் திரும்பி வந்தது. அதனைக் கொண்டுவந்து கொடுத்தவர் உபயதாரரின் மனைவி என்பர். தைப்பட்டத்தில் அந்த அரை ஏக்கரில் அவள் வேர்க்கடலை விதைத்தாள்.

அடுத்த ஆண்டு அழைப்பிதழில் துகிலுரிதல் இரவுக்கு நேரே, உபயம் ஊர்ப் பொது என்று அச்சாகியிருந்தது. ஊரார் முன்கூட்டியே பேசி வைத்தமையால் அதே ஜமா 16 பேருடன் வந்தது. பீட்டுமருக்கும் துரோணருக்கும் விதுரருக்கும் வெண்தாடி கட்டிய ஆட்கள் இருந்தனர். வீமனும் அருச்சுனனும் தனித்தனியே வந்தனர். நல்ல நிறைவான ஆட்டம். அந்தக் கிழவி மட்டும் பக்கத்தில் இருந்தவர்களிடம், "போன வருசம் மாதிரி இல்ல" என்று குறை சொல்லிக் கொண்டிருந்தாள். இரவு இரண்டு மணிக்கு அதே நெசவாளர் அவிழ்ந்த கூந்தலோடு களரிக்கு வந்தார். பீட்டுமரைக் கேட்டார். அவர் குனிந்துகொண்டார். துரோணரைக் கேட்டார். அவரும் குனிந்துகொண்டார். அதன் பிறகு, நாடக ஏட்டில் இல்லாதபடி, மெல்லத் திரும்பி ஊராரை நோக்கி நடந்து வந்தார்.